துணைக்குப் போனது நான்தான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் நலம், மாப்பிள்ளை நலம், பேத்தியின் நலம் எல்லாம் முதலில் விசாரிப்பதுதான் முறை. ஆனால் உன்மேல் கோபமாக இருப்பதால் அதைக் கடைசியில் விசாரிக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து என்று பிழை தேடாதே. அந்த ஐந்தாவதில் கையெழுத்துக்கு வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் மன்றமும் பெரிய ஆஸ்பத்திரியும் வேன் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வாரா வாரம் துணைக்கு ஆள் அனுப்புகிறார்கள், அதில் என் பெயரையும் சேர்த்துவிட்டதாகப் போனில் சொன்னாய். நான் என்ன நினைப்பேன்? கை கால் திடமாக இருக்கிறது, நாலு பேரோடு பழகத் தெரியும், யாரோ ஒரு பாவப்பட்ட கிழவிக்குத் துணையாகப் போக நம் அம்மாவை விட்டால் ஆள் ஏது என்று மகள் பெருமையாகச் சேர்த்துவிட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மாடி வீட்டுக்காரியிடம் அப்படித்தான் சொன்னேன். பால்காரரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. "ஏறுங்கம்மா, ஒருத்தங்க வீட்டுல விடச் சொல்லியிருக்காங்க" என்றார் வேன்காரர். நான் சீப்பு, நகவெட்டி, தூசு துடைக்கும் துணி, பிளாஸ்கில் டீ எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவள் என் வயசுக்காரி. தலைக்குமேல் இன்னொரு தலை வைத்ததுபோல வெள்ளைக் கொண்டை. நான் அவளுக்கு வைத்த பெயர் கொண்டைக்காரி. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, அதனால் ஒரு சண்டையைக்கூட உருப்படியாகப் போட முடியவில்லை. நான் துடைப்பத்தை எடுத்தால் அவள் பிடுங்குகிறாள். அவளை உட்காரவைக்கலாம் என்று தோளைப் பிடித்தால், அவள் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வேறு கொடுக்கிறாள். நான் டீயை ஊற்றி நீட்டினால் அதை வாங்கி, ஊதி ஆற்றி, என் வாயருகே கொண்டுவருகிறாள். பாவம், புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறது, நாம்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவளுக்குக் காது மந்தமோ என்று நான் கத்திப் பேசினேன். அவளும் கத்திப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே வேனில் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். சாலையைக் கடக்க நான் அவள் முழங்கையைப் பிடித்தேன், அவள் என் முழங்கையைப் பிடித்தாள். நான் முதலில் காலை வைக்கட்டும் என்று அவள், அவள் வைக்கட்டும் என்று நான். விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையாகிவிட்டது. வேன்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, இதுல யாரு போலீஸு, யாரு திருடி?" என்று கேட்கிறார். தெருவே சிரித்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் அவள் வீட்டுப் பின்பக்கக் கொடியில் பெரிய போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நான் எடுத்து, உன் அப்பா போனபிறகு பழகிக்கொண்டபடி, ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மடிக்கப் பார்த்தேன். அவள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். பிடித்து, குறுக்காக ஒரு இழுப்பு இழுத்து, 'பட்' என்று ஒரு உதறு உதறினாளே பார், எனக்கு நம் சலவைக்கடை மாடிக்கே போய்விட்டதுபோல இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, லாட்ஜுப் போர்வைகள் மலைமலையாக வரும். கீழே இஸ்திரிப் பெட்டியின் சூடு மேலே தரைவரைக்கும் ஏறும். நீ பள்ளிக்கூடம் போனதும் நானும் உன் அப்பாவும் ஆளுக்கொரு முனை பிடிப்போம். குடும்பப் பேச்சு முழுக்க அந்தப் போர்வை நீளத்தில்தான் நடந்தது. உன்னை மேலே படிக்கவைப்பது, உன் பாட்டியின் இருமல், வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரரின் குத்தல் பேச்சு எல்லாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் போர்வைக்கு இரண்டு பேர் வந்துதான் ஆகவேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் கிட்டே வரவேண்டும். கடைசி மடிப்பில் மூக்கோடு மூக்கு நிற்கும்போது மனுஷன் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்? சிரித்துவிடுவார். கொண்டைக்காரியும் கடைசி மடிப்பில் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, அவள் பாஷையில் ஏதோ சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற அறையில் அவளும் அவள் தங்கையும் ஒன்றாக வேலை பார்த்தார்களாம். தங்கை இப்போது இல்லையாம். இது வேன்காரர் பிறகு சொன்னது. அலமாரியில் மடித்து வைத்திருந்த போர்வைகளையும் எடுத்து உதறி, திரும்ப மடித்து வைத்தோம். வேலை இல்லாதவர்கள் என்று சிரிக்காதே.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வேன்காரருக்கு இரண்டு பாஷையும் தெரியும். "நான் துணைக்கு வர்றது இவங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க" என்றேன். அவர் கேட்டார். அவள் என் கன்னத்தைத் தட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். வேன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, அவங்க சொல்றாங்க, 'பாவம் இந்தம்மா, கேக்க நாதியில்ல போல. இவங்களைப் பாத்துக்கச் சொல்லி எங்கிட்ட அனுப்பியிருக்காங்க. பிடிவாதம் ஜாஸ்தி, ஆனா நல்ல மனசு'ன்னு."

எனக்கா நாதியில்லை! நேரே மன்றத்துக்கு விடச் சொன்னேன். அங்கே மேஜையில் இருக்கிற பெண், "பாட்டி, கோவிச்சுக்காதீங்க. துணைக்கு ஆள் பத்தல. கிடைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்னு விட்டோம். நீங்க ரெண்டு பேருமே துணை வேணும்னு வந்தவங்கதானே?" என்றாள்.

"யாருடி கேட்டது?"

"உங்க பொண்ணுதான் பாட்டி. அம்மா தனியா இருக்காங்க, சரியா சாப்பிடறதில்ல, போன்ல சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்கன்னு சொன்னாங்க."

நானா சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன்? நீயே சொல், நானா சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன்? பெற்ற வயிறு பற்றி எரிகிறது. இனி பால்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் மன்றத்துக்குப் போன் போட்டு, என் அம்மாவுக்கு ஒரு துணையும் வேண்டாம், அவளே பத்துப் பேருக்குத் துணை, பெயரை உடனே எடுத்துவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

இப்போது கேட்கிறேன், நீ சுகமா? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? பேத்தி வரைந்த படத்தை ஜன்னலில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறேன். எல்லோரும் நோய்நொடி அண்டாமல், கோபதாபம் இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
கோபத்திலும் உன்னை மறக்காத
அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வேன்காரர் வந்தார். பெயரை எடுத்துவிட்டால் வேன் வராதாம். துணைக்குப் போகிறவர்கள் பக்கம் சேரலாம் என்றால் அதற்கு வயது அறுபதுக்குள் இருக்க வேண்டுமாம். கொண்டைக்காரிக்கு வேறு யாரையாவது அனுப்பிவிடுவார்களாம். அதனால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. போன் மட்டும் கட்டாயம் போடு. அம்மா ரொம்பத் தனியாகத்தான் இருக்கிறாள், வரவரத் தள்ளாமை, புது ஆள் யாரும் வேண்டாம், இப்போது இருக்கிற ஏற்பாடே இருக்கட்டும் என்று சொல். சொல்லும்போது குரல் கொஞ்சம் கவலையாக இருக்கட்டும்.