பிரஸ் ஷாப்பில் ஒரு சாவு

அம்பத்தூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் ஜெகதீஷுக்கு, உன் அக்காள் புருஷன் பரந்தாமன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலமில்லை, காரணம் நீ. போனில் பேசினால் "மாமா, மாமா" என்று மழுப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி மூடிய பிறகு அந்த ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்தாய், கலைக்கூடம் என்று போர்டு மாட்டினாய், தகடு அடிக்கிற மிஷின்களின் இரைச்சலில் காலமெல்லாம் நான் நின்று வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில் மேடை போட்டாய். நான் வாய் திறக்கவில்லை. உன் அக்காள் திறக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளேயிருந்து ஒப்பாரிச் சத்தம். பக்கத்து வீட்டு உத்தமன் ஓடிவந்து, "அண்ணாத்தே, கம்பெனிக்குள்ள யாரோ பூட்டாங்கோ, இன்னா பாத்துகினு கீறே, வா!" என்றான். சாவென்றால் யாரென்று விசாரித்துக்கொண்டா போவோம்? ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் செக்யூரிட்டி, "நைனா, பாஸ் கீதா?" என்கிறான். சாவுக்குப் பாஸ் கேட்கிற இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவனைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், ஒப்பாரி பாடுகிற அன்னம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள், பெஞ்சில் வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு. மாலையைப் போட்டேன், காலைத் தொட்டுக் கும்பிட்டேன், முகம் பார்க்கலாமென்று துணியை விலக்கினால் என் பிள்ளை தமிழரசு! அவன் ஒரு கண்ணைத் திறந்து, "ரிகர்சல்பா, துணிய மூடு" என்கிறான்.

கம்பெனி செத்துப்போவதுதான் நாடகம், பிணம்தான் கம்பெனி என்று நீ விளக்கினாய். உத்தமன், "நல்லாத்தான் கீது" என்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்தான்; அவனோடு நான் பேசுவதில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளை மேல் பெற்றவன் கையாலேயே பிணமாலை விழுந்துவிட்டதே, அதற்கு விளக்கம் வைத்திருக்கிறாயா? உன் அக்காள் வரலட்சுமி பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், அவனைத் தலைமுழுக வைத்தாள், என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "புள்ளைக்கே மாலைய போட்டுட்டு வந்து நிக்கிறியே, ஊட்டுக்குள்ள கால வெச்சே, பாத்துக்கோ!" அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீஸிலிருந்து அவன் வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனையில் போய் நிற்கிறாள். அவளுக்குத் தெரியாமல் நானும் பின்னால் நிற்கிறேன்.

அவனோ, "சனிக்கிழமை திறப்பு விழாவுல நான்தான் படுப்பேன்" என்கிறான். இந்தப் பிடிவாதம் உங்கள் குடும்பத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: தமிழரசு படுக்கக் கூடாது. வேறு ஆளைப் பார், இல்லையென்றால் பிணமில்லாமல் நடத்து. மீறினால் திறப்பு விழாவன்று கேட்டை மறித்து உட்காருவேன். ஸ்டிரைக்கில் நான் உட்கார்ந்தபோது முதலாளியே பின்வழியாகத்தான் போனார், நீ எம்மாத்திரம்?

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். திருந்திய பிறகு உனக்கும்.

இப்படிக்கு,
பரந்தாமன்

பின்குறிப்பு: ஆள் தேட வேண்டாம், நானே படுக்கிறேன். அந்தக் கம்பெனிக்காகப் படுக்க உரிமை எனக்குத்தான்; அங்கே ஒருநாள்கூட வேலை பார்க்காத பையனுக்கு என்ன பாத்தியதை? உன் அக்காளிடம் சொன்னேன். "நீ படு, புள்ளைய விடு" என்று உடனே சம்மதித்துவிட்டாள், கொஞ்சம் யோசித்திருக்கலாம். இப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டாள். மூக்கில் பஞ்சு வைக்காதே, தும்மல் வரும். அன்னம்மாளை இன்னும் சத்தமாக அழச் சொல். முன்வரிசை முழுக்க எங்கள் பிரஸ் ஷாப் ஆட்கள்தான், ஒருவனுக்கும் காது கேட்காது.