தண்ணிப் பக்கம் இறங்குவது பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதால், நலம். அங்கு நீங்களும் மகளும் பேரனும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் வீட்டில் நலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளே இப்போது உங்கள் வீட்டில் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை. பத்து நாள் பேரனோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய உங்கள் அத்தை, போய் இன்றோடு எழுபத்தொரு நாள் ஆகிறது. அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லித்தான் இந்தக் கடிதம். காரணம் டிராக்டர். வேறு எதுவும் இல்லை.

நீங்கள் டிராக்டர் விற்கிற கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். உங்களுக்கு நான் டிராக்டரைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் சொல்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைப் பிடித்திருக்கும் கம்பிகளை முப்பத்தொரு வருஷமாக நான் கையால்தான் திருகினேன். மேல் கம்பியைத் திருகினால் கலப்பையின் மூக்கு ஏறும், இறங்கும். பக்கத்துக் கம்பியைத் திருகினால் கலப்பை ஒரு பக்கம் சாயும். இறங்க வேண்டும், திருக வேண்டும், ஏறி நாலடி ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் இறங்க வேண்டும். அத்தை பின்னால் நின்று மட்டம் பார்த்துச் சொல்வாள். வலது இடது என்று சொன்னால் எங்களுக்குள் சண்டை வரும், ஏனென்றால் நான் திரும்பி அவளைப் பார்க்கும்போது என் வலது அவளுக்கு இடது. அதனால் அவள் தண்ணீர்க் கேனைப் பிடித்திருக்கும் பக்கம் தண்ணிப் பக்கம், மற்றது சும்மா பக்கம் என்று கல்யாணமான மறு வருஷமே பேசி முடித்துக்கொண்டோம். “தண்ணிப் பக்கம் ஒரு விரக்கடை தூக்குங்க” என்பாள், தூக்குவேன். இதற்காகவே அவள் தோள் வலித்தாலும் கேனைக் கை மாற்றிப் பிடித்ததில்லை. உங்கள் கம்பெனிப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை, நான் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் நீங்கள் கருணை கூர்ந்து வந்தீர்கள். “மாமா, இந்த வயசுல நீங்க ஏறி இறங்கலாமா? எல்லாத்தையும் ஹைட்ராலிக் ஆக்கிடலாம். மேல் கம்பி, பக்கக் கம்பி, கலப்பை ஆடாம இருக்கிற கம்பி, மூணுமே பொத்தான்ல வந்துடும். நீங்க சீட்டை விட்டு அசைய வேண்டாம்” என்றீர்கள். என் வயதை நான் உங்களிடம் கேட்டதாக ஞாபகம் இல்லை. மாப்பிள்ளை ஆசையாகச் செய்வதை வேண்டாம் என்று சொல்லக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். இருக்கைக்குப் பக்கத்தில் ஆறு பொத்தான்கள், பின்னால் நிற்பவர் அழுத்தப் பின் மட்கார்டில் இன்னும் ஆறு. பொத்தானுக்குப் பொத்தான் ஒரு படம். அதில் ஒன்று எனக்கு உட்கார்ந்த நாயாகத் தெரிந்தது, இன்னொன்று நிற்கிற நாயாகத் தெரிந்தது. உங்களிடம் கேட்டதற்கு, “அது நாய் இல்ல மாமா, கலப்பை” என்று சிரித்தீர்கள். பொத்தான் மாட்ட வந்த உங்கள் மெக்கானிக்கும் சிரித்தான். அத்தை மட்டும் சிரிக்கவில்லை, அவள் மட்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து நான் படும் பாட்டைக் கேளுங்கள். நிற்கிற நாயை அழுத்தினால் கலப்பை உட்கார்ந்தது, உட்கார்ந்த நாயை அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்து படுத்தது, வயலில் பாதி கிணறு தோண்டியது போலவும் மீதி சீப்பால் வாரியது போலவும் கிடக்கிறது. சாலையில் போகும்போது ஒரு தும்மல் வந்தது. முழங்கை எதன் மேலோ பட்டு, கலப்பை பக்கவாட்டில் ஒதுங்கி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டு வாசல் கதவைக் கழற்றி மாட்டிக்கொண்டது, அது தொங்குவது தெரியாமல் நான் வயல் வரை ஓட்டிப் போய்விட்டேன். வாத்தியார் பின்னாலேயே நடந்து வந்து, மூச்சு வாங்க, “கதவை வச்சு எதை உழப் போறீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். உங்களுக்குப் போன் போட்டேன். “மீட்டிங்ல இருக்கேன் மாமா, நானே கூப்பிடுறேன்” என்றீர்கள். அந்த மீட்டிங் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. கம்பெனி எண்ணுக்குப் போட்டால் ஒரு பெண் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்கிறாள். பொத்தானைப் பற்றிப் புகார் சொல்லவும் பொத்தானைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஒரு ஆண் குரல் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டதும், பழக்க தோஷத்தில், “தம்பி, தண்ணிப் பக்கம் இறங்கிக்கிட்டே போகுது” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாள் உங்கள் மெக்கானிக் பம்பும் குழாயுமாக வந்து இறங்கினான். நான் கொட்டகைக்குப் போவதற்குள் ஆயில் முழுவதையும் திறந்து விட்டுவிட்டான். “ஆயில்ல தண்ணி இறங்குதுன்னு எழுதியிருக்காங்க ஐயா” என்றான். “தண்ணி இல்லப்பா, தண்ணிப் பக்கம்” என்றேன். “தண்ணிப் பக்கம்னா எந்தப் பக்கம்?” என்றான். “என் பொண்டாட்டி பின்னால நின்னா, அவளோட இடது கைப் பக்கம்” என்றேன். “சரி, அவங்களை வந்து நிக்கச் சொல்லுங்க, பார்த்துடலாம்” என்றான். அவள் ஊரில் இல்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது. அவன் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்: வாடிக்கையாளரின் மனைவி இல்லாததால் சோதிக்க இயலவில்லை. அந்தத் தாள் என் முன்னால்தான் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், உங்கள் மீட்டிங்கில் படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பேரன் அழுதால் அத்தை தூக்குகிறாள், தூங்கினால் இறக்குகிறாள், அவன் சாய்ந்தால் நிமிர்த்துகிறாள். இதற்கு ஆயில்கூட ஊற்ற வேண்டியதில்லை. இவ்வளவு சொன்னபடி கேட்கிற ஏற்பாடு உங்கள் கம்பெனியிலேயே கிடையாது, நீங்கள் எப்படித் திருப்பி அனுப்புவீர்கள். போன் போட்டால் அவள், “சாப்டீங்களா?” என்கிறாள், நான் பதில் சொல்வதற்குள் மகள் கைக்குப் போன் போய்விடுகிறது. மகளோ, “அம்மா இங்க நல்லா இருக்காங்கப்பா” என்கிறாள். நல்லா இல்லை என்று நான் எப்போது சொன்னேன். நான் இரண்டு கடிதம் அவள் பேருக்கே போட்டேன், பிரித்தாளா என்றுகூடத் தெரியாது. இங்கே சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன், நேற்று சலவைத்தூளை முகர்ந்துவிட்டு ஒரு மணி நேரம் தும்மினேன். நல்லவேளை டிராக்டரில் இல்லை.

ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். பொத்தான்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது பின்னால் நின்று பார்க்க அத்தையை அனுப்பி வையுங்கள். இந்த மெஷினை ஆள் இல்லாமல் ஓட்டவே முடியாது என்று முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

பேரனுக்கு என் முத்தங்கள். மகளுக்கு என் அன்பு. உங்கள் வியாபாரம் இந்த ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டிலும் பெருக வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை மட்டுமே விரும்பும்படி ஆகிவிட்ட
மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம், ஒரு வார்த்தை நம்ப மாட்டாள். நாயும் கதவும் பொத்தான் மாட்டிய முதல் வாரத்திலேயே, அவள் இங்கே இருக்கும்போதே நடந்து முடிந்தவை. பத்தாம் நாள் எனக்குப் பொத்தான்கள் பழகிவிட்டன. மெக்கானிக்கைக் கூப்பிட்ட அன்றும் எந்தப் பக்கமும் இறங்கவில்லை. ஏதாவது பழுது என்றால் அதைச் சொல்லி அவளைக் கூப்பிடலாமே என்று இருந்தது. நடந்தது இதுதான். பதினோராம் நாள் உழவு நூல் பிடித்தது போல வந்துகொண்டிருந்தது, அவள் வழக்கம்போல வந்து பின்னால் நின்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதான் பொத்தான் இருக்கே, நீ எதுக்கு நிக்கிற?” என்றேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேலை நன்றாக நடந்த சந்தோஷத்தில் சொன்னேன். அவள், “சரிங்க” என்றாள். மறுநாள் பெட்டி கட்டிவிட்டாள். அதனால் மாப்பிள்ளை, இதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்: மெஷின் நன்றாக ஓடுகிறது, அதற்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டியதில்லை, நீ வா.