தண்ணீர் வந்தால் மணியடிக்கும்

செயலிச் சிற்பி என்றொரு மனித வகை நம்மிடையே பெருகிவருவதை, வாசகரே, நீங்களும் கவனித்திருப்பீர்கள். நிரல் எழுதத் தெரியவேண்டாம், பெட்டிகளை விரலால் இழுத்துப் பொருத்தினாலே செயலி தயார் என்று ஆசைகாட்டும் இலவசக் கருவியொன்று கைத்தொலைபேசியில் இறங்கிய நாள் முதல், இவருக்கு உலகில் துன்பம் என்று எதுவுமே கிடையாது. இன்னும் செயலி செய்யப்படாத விடயங்கள்தாம் உண்டு. கோழி காணாமற்போனால் ஒரு செயலி. மனைவி கோபித்துக்கொண்டால் அதற்கும் ஒன்று. மன்னிப்புக் கேட்க அதில் மூன்று பொத்தான்கள். வேலை செய்யுமா? அதெல்லாம் பிறகு! முதலில் முகப்புக்கு நிறம் தேர வேண்டாமா? இளநீலத்துக்கும் கடல்நீலத்துக்கும் நடுவே இவர் தத்தளிக்கையில் தேநீர் ஆறும், சோறு ஆறும். மனைவியின் கோபம் மட்டும் ஆறாது.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயமொன்றில் வாழும் நிரோஷன் இவ்வகையின் உத்தம மாதிரி. அங்கே பொதுக்குழாயில் தண்ணீர் தான் நினைத்த நேரத்தில் வரும். நினைத்த நேரத்தில் நிற்கும். அன்றைக்கோ பக்கத்து வீட்டு நாகலெட்சுமியின் மகள் தனுஜாவுக்குப் பரிசம்போட, பொகவந்தலாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அரிசி களையச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அக்கா, குழாயடியில எதுக்குக் காவல்? தண்ணி வந்ததும் யாராச்சும் இந்தப் பட்டன அமுக்குனா எல்லார் போன்லயும் மணியடிக்கும்."

"மணியடிச்சா சோறு வெந்துருமா தம்பி?"

"வெந்துரும்க்கா!"

ஆனால் செயலியை இறக்கவும் மணியைக் கேட்கவும் கவரேஜ் வேண்டுமே! அது கோயில் பாறையின் உச்சியில்தான் உண்டு. ஆகவே குழந்தை குட்டிகள், குடங்கள், பட்டுச்சேலையில் தனுஜா என லயம் முழுவதும் பாறையேறி, போன்களை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. கீழே தண்ணீர் வந்தது. பட்டனை அமுக்க ஆளில்லை.

ஆளைத் தேடி மகனோடு மூச்சிரைக்க ஏறிவந்த மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்: "என்னங்க சம்மந்தி, கீழ குழாய்ல தண்ணி கொட்டுது, ஒருத்தரையும் காணோம்? நாங்க நல்லா கால் கழுவிட்டு வர்றோம்."

"ஐயோ, தண்ணி!"

குடங்களோடு எல்லோரும் உருண்டு புரண்டு ஓடினார்கள். இருவர் மட்டும் ஓடவில்லை. ஒருவர் நிரோஷன். மற்றவர் மாப்பிள்ளை கிஷாந்த்.

"அண்ணே, ஆப் சூப்பர்ண்ணே. மணிக்குப் பதிலா சேவல் கூவுனா எப்பிடி இருக்கும்?"

"அட, ஒக்காருங்க மாப்ள!"

பாதி வழியில் திரும்பிப் பார்த்த தனுஜா, இருவரும் ஒரே போனில் தலைகவிழ்ந்திருப்பதைக் கண்டாள். பிறகு கீழே வந்து, கடைசிச் சொட்டுக்காகக் குழாயைக் குலுக்கிக்கொண்டிருந்த தாயின் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. இன்னைக்கு சோறாக்க வேணாம்."

அன்பரே, இதைப் படிக்கையில், 'குழாயிலேயே ஓர் உணர்கருவியைப் பொருத்தியிருந்தால் ஆளே தேவைப்பட்டிராதே' என்று தங்களுக்குத் தோன்றிற்றா? தோன்றியிருந்தால் தயங்காதீர்கள். பாறையில் மூன்றாமவருக்கும் இடமிருக்கிறது.