புதன்கிழமைச் சர்க்கரை

"சர்க்கரை ஐந்தரைதான் காட்டுது, ஏழுக்குக் கீழே. அடுத்த புதனும் இப்படியே இருந்தா சான்றிதழ், கல்முரத் அண்ணே. ரெண்டு வருஷத்துல இந்தக் குழுவுக்கே முதல் சான்றிதழ்," என்றாள் நர்ஸ் பெர்மெத்.

ஆஸ்பத்திரி அறையில் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு சர்க்கரைக்காரர்களும் கை தட்டினார்கள். கல்முரத் தன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். சான்றிதழ் வாங்கியவர் அதோடு குழுவுக்கு வரக் கூடாது. நாற்காலி அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில் முப்பது வருஷம் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகன் மாஸ்கோவில். வாரத்தில் ஆறு நாள் அவர் வாய் திறப்பது ரொட்டிக் கடையில், "ஒண்ணு குடும்மா" என்று கேட்க மட்டும்தான். புதன்கிழமை ஒருநாள்தான், "தூங்கினீங்களா அண்ணே? கால் எரிச்சல் எப்படி?" என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். வியாதி வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு பயப்படவில்லை.

அடுத்த புதன் காலை, பச்சைத் தேநீரோடு ஒரு கைப்பிடி கற்கண்டைக் கடித்துத் தின்றுவிட்டுப் போனார். மிஷின் பதினாறு காட்டியது.

"என்னய்யா, குதிரை மாதிரி தாவியிருக்கு?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் எர்மத்.

"கவலைதான்," என்று முனகினார் கல்முரத்.

"அந்தக் கவலை உங்க வீட்டு அலமாரியில இருக்கும். வாங்க பார்ப்போம்," என்றாள் தையல்காரி உல்புசுன்.

பெர்மெத் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஒரு தடவை சறுக்கினதை நான் கண்டுக்கல. வர்ற புதன் சரியா இருந்தா சான்றிதழ் உங்களுக்குத்தான்."

கல்முரத் வீட்டில் ஆறு பேரும் சோதனை நடத்தினார்கள். தேன் ஜாடி எர்மத்தின் கோட்டுக்குள் போனது. கற்கண்டும் ஆப்ரிகாட் ஜாமும் உல்புசுனின் பைக்குள் போயின.

"உங்க கண்ணுல படக் கூடாது பாருங்க. அதுக்குத்தான்," என்றாள் அவள்.

கல்முரத் வருத்தப்படவில்லை. அன்றைக்குத் தேநீர்க் கிண்ணம் ஏழு கழுவினார். மூன்று வருஷமாகக் கழுவியது ஒன்றுதான். கழுவும்போது அழுகை வந்துவிட்டது.

அதோடு விட்டார்களா? தினம் ஒருவர் முறைவைத்துக் காவலுக்கு வந்தார்கள். கூட உட்கார்ந்து சூப் குடித்தார்கள், ஆற்றங்கரையில் நடக்க வைத்தார்கள். சந்தோஷத்திலும் நடையிலும் சர்க்கரை மடமடவென்று இறங்கியது. செவ்வாயன்று எர்மத் கொண்டுவந்த மிஷின் ஐந்து என்றது.

"நாளைக்குச் சான்றிதழ் உறுதிய்யா," என்றார் எர்மத். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

போச்சு. நாற்காலி மட்டுமல்ல, இந்த ஏழு கிண்ணமும் போய்விடும். வீட்டிலோ மருந்துக்குக்கூட ஒரு துண்டு இனிப்பு இல்லை. புதன் காலை காவலுக்கு ஆள் வருவதற்கு முன்பே, கல்முரத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தைக்கு ஓடினார்.

"கால் கிலோ அல்வா குடு தம்பி. இங்கயே தின்னுட்டுப் போறேன்."

அல்வாக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்களும் அந்த ஆஸ்பத்திரிக் கூட்டமா?"

"ஏன் கேக்குறே?"

அவன் காலித் தட்டைச் சாய்த்துக் காட்டினான்.

"புதன்கிழமைன்னா சீக்கிரம் வரணும் அண்ணே. அந்த வாத்தியாரு, தையல்காரக்கா, இன்னும் நாலு பேரு, ரெண்டு வருஷமா கடை திறக்கறதுக்குள்ள வந்து, சான்றிதழ் கிடைச்சிடக் கூடாதுன்னு நின்ன இடத்துலயே தின்னுட்டு ஓடிடறாங்க."