விளக்கெண்ணெய் குடித்த மோட்டார்

ஸ்ரீவில்லிபுத்தூரில் விளக்கெண்ணெய்க் கம்பவுண்டர் கையால் மருந்து குடிக்காத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்கள் குடித்தார்கள், மாடுகள் குடித்தன, கடைசியில் ஒரு மோட்டார் காரும் குடித்தது. யாருக்கு என்ன உபத்திரவம் என்றாலும் முதலில் அரை அவுன்ஸ் விளக்கெண்ணெய், அதற்கப்புறம்தான் விசாரணை. தமக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டுக்கு எதிரே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான். துரை டாக்டர் சீமைக்குப் போய் வெகுகாலமாகியிருந்தது. அவர் விட்டுப்போன பிளஷர் கார் பின்புறத்துக் கொட்டகையில் நின்றது. ஸீட்டுக்குள் பெருச்சாளிகள் குடும்பம் நடத்தின. எஞ்சின் மேல் கோழி அடை கிடந்தது. டயர்கள் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

அந்தக் கார் இனி ஓடும் என்று புத்தி உள்ள எவனும் நினைக்க மாட்டான். கம்பவுண்டர் நினைத்ததற்கு நான்தான் காரணம். முதல் பிரசவத்தில் என் மனைவிக்கு வலி கண்டு ஒரு நாள் முழுக்கக் கழிந்தும் பிள்ளை வெளியே வரவில்லை. லேடி டாக்டர் இருந்தது ராஜபாளையத்தில். ஏழு மைல். மாட்டுவண்டியில் கம்பவுண்டரும் கூட வந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கம்பவுண்டர் மாட்டின் வாலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறு வருஷம் என் மனைவி மறுபடியும் உண்டானாள். சேதி கேட்ட அன்றே கம்பவுண்டர் கொட்டகைப் பூட்டை உடைத்துவிட்டார்.

"தம்பி, இந்தத் தடவ தங்கச்சி மோட்டார்லதான் போகுது. அரை மணி நேரத்துல ராஜபாளையம்!"

"அண்ணாச்சி, உங்களுக்கு மோட்டார் தெரியுமா?"

"உள்ள போறது ஒழுங்கா வெளிய வரணும். மனுசனுக்கும் அம்புட்டுத்தான், மோட்டாருக்கும் அம்புட்டுத்தான்."

வைத்தியம் ஆரம்பமாயிற்று. ஸ்டெதாஸ்கோப்பை எஞ்சினில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பெட்ரோல் குழாய்க்கு எனிமா கொடுத்தார். எஞ்சினுக்குள் விளக்கெண்ணெயைப் படி படியாக ஊற்றினார். டயருக்குள் காற்றுக்குப் பதில் வைக்கோல் திணித்துக் கயிற்றால் கட்டுப் போட்டார். கட்டு மட்டும் அருமையான கட்டு. பெட்ரோல் கூப்பனுக்கே கிடைக்காத காலம், பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. இவர் யார் யார் காலிலோ விழுந்து ஒரு மருந்துப் பாட்டில் நிறையப் பெட்ரோல் சேர்த்தார். தண்ணீர் மருந்துப் பாட்டிலில் ஒட்டுவது போல வேளை குறிக்கும் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி அதில் ஒட்டினார். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. ஊற்றுமுன் நன்றாகக் குலுக்குவார்.

எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஹாண்டில் சுற்றும் உத்தியோகம் எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுற்றுவேன். அது திருப்பி அடிக்கும். என் வலது தோள் வீங்கியது. அதற்கும் உள்ளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்.

பொறுக்கமுடியாமல் ராஜபாளையத்திலிருந்து ஒரு பஸ் மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். மனிதர் பானெட்டைத் திறந்தார், மோந்து பார்த்தார், மெதுவாக மூடினார்.

"வாத்தியாரய்யா, இது செத்து எம்புட்டோ காலமாச்சு. எடுத்து அடக்கம் பண்ணுங்க."

கம்பவுண்டருக்கு வந்ததே கோபம்! "ஏலே, செத்துப்போச்சுன்னு சொல்ல நீ யாரு? இருவது வருசம் ஆஸ்பத்திரியில இருக்கேன், எனக்கே அந்த அதிகாரம் கெடையாது. டாக்டர் வந்து பாத்துச் சொல்லணும். அது வரைக்கும் மருந்து குடுத்துக்கிட்டே இருக்கணும்!"

டாக்டர் எங்கே வரப்போகிறார்? நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் மனைவியின் வயிறு பெரிதாகிக்கொண்டே போயிற்று. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அவளிடம் ஒரு நாள் கம்பவுண்டரைப் பற்றி எரிந்து விழுந்தேன்.

"வையாதீங்க. நீங்களும் பயப்படுதீங்க, எங்கம்மாவும் பயப்படுதா. அவிய ஒருத்தராச்சும் ஓடும்னு சொல்லுதாங்களே" என்றாள்.

ஒரே ஒரு சாயங்காலம் வண்டி டமார் என்று வெடித்தது. தெரு பூராவும் விளக்கெண்ணெய்ப் புகை. ஓர் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வன்னியம்பட்டிப் பக்கமாக ஓடியது. கம்பவுண்டர் குதித்தார். "இருமிருச்சு தம்பி! நெஞ்சுச் சளி எளகுது!" அன்று நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அது தும்மக்கூட இல்லை.

பிரசவத்துக்கு முன்பே ராஜபாளையத்தில் போய்த் தங்குவதாகவும் ஏற்பாடு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை புறப்பாடு. வலி புதன்கிழமையே வந்துவிட்டது. மாமியார் மம்சாபுரத்து மருத்துவச்சியை முன்கூட்டியே வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தது நல்லதாயிற்று. மாட்டுவண்டிக்கு ஆளை விரட்டிவிட்டுத் திரும்பினால், கொட்டகையிலிருந்து கம்பவுண்டர் கத்துகிறார்.

"ஓடி வா தம்பி! ஹாண்டிலப் பிடி!"

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஓடினேன். சுற்றினேன். அவர் சுற்றினார். மிச்சப் பெட்ரோலை அளவு பார்க்காமல் கவிழ்த்தார். "கர்த்தாவே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று ஜெபித்தார். வண்டியை ஓங்கி உதைத்தார். உதைத்த பாவத்தை மன்னிக்கும்படி இன்னொரு ஜெபம் செய்தார். வண்டி கல்லாக நின்றது. போன வருஷத்து மாட்டுவண்டியே கண்ணுக்குள் நின்றது.

வாசலில் மாமியார் குரல் கேட்டது. "எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன்! ரெண்டு பேரும் என்னத்தக் குடையுதிய? பொட்டப்பிள்ள பொறந்து கொஞ்ச நேரமாச்சு. தாயும் பிள்ளையும் சொகம்."

"ஸ்தோத்திரம்" என்றார் கம்பவுண்டர். அப்படியே காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மனிதர் தோள் குலுங்க அழுகிறார்.

"தம்பி, பிள்ள வயித்துல குறுக்க மாறிக் கெடந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? இன்னைக்கும் வண்டி எந்திரிக்கலயே. மறுபடியும் ஒரு பிள்ளையக் கொன்னிருப்பேனே தம்பி."

வீட்டுக்குள் என் மகள் அழும் சத்தம் கேட்டது. நான் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்திரிங்க அண்ணாச்சி, இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்" என்று ஹாண்டிலைக் கையில் எடுத்தேன்.

வண்டி அன்றும் கிளம்பவில்லை, பிறகு என்றைக்கும் கிளம்பவில்லை. ஆனாலும் இருட்டும் வரை சுற்றினேன். என் பிள்ளைக்காக என்னைவிட அதிகமாகப் பயந்த மனிதரை அங்கே தனியாக உட்கார வைத்துவிட்டு உள்ளே போக எனக்கு மனசு வரவில்லை.