ஒரு நாள் வருமானம்

கணக்குத் தெரிந்தவர்களுக்கு மனிதர்களைத் தெரியாது என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்குப் போவதில்லை. நான் கணக்கு டீச்சர். அந்தத் திமிரில் ஊரைக் கூட்டி, என் மானத்தை நானே வாங்கிக்கொண்டவள்.

வேலை நிரந்தரமான புதிது. வீடு திண்டிவனத்தில். பள்ளிக்கூடம் காணைப் பக்கம். தினமும் விழுப்புரத்தில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். அந்த வருடம் அடித்த காற்று எங்கள் சத்துணவுக் கூடத்தின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டுபோய் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் போட்டது. சமைக்கிற அஞ்சலையம்மா தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றார். மழை வலுத்தால் சாம்பார் ரசமாகிவிடும். அரசாங்கப் பணம் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஊரில் ஆளுக்கு ஐந்நூறு வசூலிக்கலாம் என்றார் தலைமை ஆசிரியர். நான் எழுந்தேன்.

"சார், ஐந்நூறு ரூபா கூலி வேலைக்குப் போறவங்களுக்கு ரெண்டு நாள் கூலி. ரைஸ்மில் தனகோடி ஐயாவுக்கு அது டீச் செலவு. எல்லாரும் அவங்கவங்க ஒரு நாள் வருமானத்தைக் குடுக்கட்டும். அதுதான் நியாயம்."

(எனக்கே புல்லரித்தது.)

தனகோடி ஐயாவுக்கு இரண்டு ரைஸ்மில், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம். நேரில் போய்ச் சொன்னபோது, "அருமையான யோசனை டீச்சரம்மா, நான் வர்றேன்" என்றார். திரும்பி வரும்போதே நான் மனதுக்குள் கூரை வேய்ந்து, சுற்றுச்சுவர் எழுப்பி, கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் கூட்டம். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போன பெண்கள் முந்தின நாள் கூலியை அப்படியே மடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அஞ்சலையம்மாவும் வைத்தார். கடைசியில் தனகோடி ஐயா வந்தார், கூடவே அவருடைய கணக்கரும் ஒரு தடித்த ஃபைலும்.

"நீங்க சொன்ன மாதிரியே கணக்குப் பாத்துக்கினு வந்தோம் டீச்சரம்மா. போன வருஷம் எனக்கு நஷ்டம். வருமான வரிக்கே அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்குது. நஷ்டத்துல ஏதுங்க ஒரு நாள் வருமானம்?"

தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து காட்டினார். ஆடிட்டர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. பங்க் மனைவி பேரில். மண்டபம் மகன் பேரில். வெளியே நின்ற கார்கூட கம்பெனி பேரில்.

"அப்ப உங்க பேர்ல என்னதாங்க இருக்கு?"

"கடன் இருக்குது டீச்சரம்மா."

அந்த முகத்தில் உண்மையான துயரம். அவர் அதை நம்புகிறார் என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. "பாக்கப்போனா மைனசு. ஞாயமா நீங்கதான் எனக்குத் தரணும். நான் கேக்கமாட்டேன்" என்றார் பெருந்தன்மையோடு. நானும் இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். கணக்கில் பிழையே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவரை வெட்கப்பட வைப்பதாக நினைத்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தேன். "ஒளிவுமறைவு இல்லாத கணக்கு எப்படி இருக்கும்னு பாருங்க" என்று என் சம்பளத்தைக் கரும்பலகையில் எழுதி, முப்பதால் வகுத்து, விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன். கைதட்டலுக்காகத் திரும்பினால், அஞ்சலையம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது பேசிக் மட்டுந்தானே? பஞ்சப்படி சேக்கலியா?"

கூட்டமே பலகைப் பக்கம் திரும்பியது.

"எனக்கே படி போட்டுத்தான் குடுக்கறாங்க. அத்தயும் சேத்துதான் நான் குடுத்தேன். அதான் கேட்டேன்." குரலில் குத்தலே இல்லை. அந்த அம்மாவுக்கு உண்மையாகவே சந்தேகம்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மறக்கவில்லை. முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று யோசித்துத்தான் போட்டிருந்தேன். தனகோடி ஐயா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். சொந்தக்காரியைக் கண்டுகொண்ட புன்னகை. வாழ்க்கையில் அதைவிட மோசமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

படியைச் சேர்த்துப் புதிய விடை எழுதினேன். தலைமை ஆசிரியர் என்னை முறைத்த முறைப்புக்குக் காரணம் உண்டு. அவருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் நானேதான் அதே முறையில் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். எல்லோரும் மறுபடி பர்ஸைத் திறக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் ஸ்டாஃப் ரூமில் எனக்கு யாரும் வடையில் பங்கு தரவில்லை.

அந்தக் கூடுதல் பணத்தில்தான் கூரை முழுசாக ஏறியது. திறப்பன்று தனகோடி ஐயா முதல் வரிசையில் உட்கார்ந்தார். மைக்கைக் கேட்டு வாங்கி, "ஒரு நாள் வருமானத்தைக் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூஜ்யமும் ஓர் எண்தான் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். என்னத்தை மறுப்பது?

வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இன்றைக்கும் கல்யாணத்துக்கு மொய்க் கவர் ஒட்டினால் என் கணவர் கேட்பார், "இது பேசிக்கா, படியோடவா?" என் மகள் அவரையும் மிஞ்சியவள். கோயில் உண்டியலில் நான் பணம் போடும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, பஞ்சப்படி?" என்கிறாள், சாமி காதிலும் விழுகிற மாதிரி.