ஒரு முழுச் சண்டைக்கான இன்பச் சுற்றுலா

உலகத்தில் காதலை வளர்த்த ஊர்கள் பல உண்டு. ஆனால் காதலை முன்மொழிந்து, வழிமொழிந்து, கூட்டக் குறிப்பில் ஏற்றி, மூன்று பிரதி எடுத்து வைத்த ஊர் ஒன்றுதான். அது இலங்கையின் மலைநாட்டில் உள்ள உக்குவளை. அந்தக் கூட்டக் குறிப்பை எழுதியவன் நானே என்பதால் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

'உக்குவளைத் தோட்டத் தம்பதியர் மகிழ்ச்சி மேம்பாட்டுச் சங்கம்' இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பிறந்தது. அந்த வருடம் நாட்டில் யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மகிழ்ச்சியை மேம்படுத்த இதைவிடத் தோதான காலம் கிடையாது என்று ஒரு தொண்டு நிறுவனம் கண்டுபிடித்து, கொழும்பிலிருந்து ஓர் அம்மையாரை அனுப்பியது. அவர் பலகையில் ஓர் இதயத்தை வரைந்தார். தம்பதியருக்குத் 'தரமான தனிமை' தேவை, அதற்காக ஒரு சுற்றுலா போக நிறுவனம் பணம் தரும் என்றார். மாதத்தில் எத்தனை மணி நேரம் கணவனும் மனைவியும் தனிமையில் இருக்கிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்.

நாற்பது பேர் நிரப்பினார்கள். முப்பத்தெட்டுப் பேர் கோடு போட்டிருந்தார்கள். மாடசாமி மட்டும் 'முப்பது மணி' என்று எழுதியிருந்தார். விசாரித்துப் பார்த்ததில் அது அவர் மாட்டுக்குப் புல் வெட்டப் போகும் நேரம். "ஆனா அதுல பொஞ்சாதி இல்லீங்களே?" என்று கேட்டேன். "அதாங்க தனிமை" என்றார்.

நாற்பதாவது படிவம் சூசையம்மாவுடையது. 'தனிமை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு அவர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'சண்டை'.

சூசையம்மா கொழுந்து எடுப்பவர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கபிரியேலுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினொரு வருடம். லயம் என்ற வரிசை வீட்டில் அவர்களுக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை. அதற்கு முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்புத் திண்ணை. காம்பராவில் இவர்களும் மூன்று பிள்ளைகளும் மாமியார் ஜோசப்பினும். இஸ்தோப்பில், ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். இதைச் சிலர் இடநெருக்கடி என்பார்கள். சங்கம் இதை 'நெருக்கமான குடும்ப உறவு' என்று பதிவு செய்தது.

"செக்ரட்டரி ஐயா, பதினொரு வருசத்துல நாங்க ஒரு சண்டையக் கூட முழுசா போட்டு முடிச்சதில்லீங்க" என்றார் சூசையம்மா. "நான் அவருகிட்ட ஒண்ணு கேப்பேன். அத்தை பதில் சொல்லும். அத்தைக்கு நான் பதில் சொன்னா, சொவருக்கு அங்கிட்டிருந்து பக்கத்து காம்பரா நல்லையாண்ணன் தீர்ப்பு சொல்லுவாரு. இவரு தேத்தண்ணிய குடிச்சிட்டு கவுந்து படுத்துக்குவாரு."

"அப்படி என்ன கேக்கணும்?"

"என்னைய குவைத்துக்கு வேலைக்கு அனுப்பப் போறாங்க. பாஸ்போட்டு வந்திருச்சு. அடுத்த மாசம் ப்ளைட்டு. கொழுந்தனுக்கு ஒரு காம்பரா கூட்டிக் கட்டணுமாம். அத்தை போங்குது. நல்லையாண்ணன் போங்கிறாரு. ஏஜென்சிக்காரன் போங்கிறான். என் புருசன் மட்டும் வாயே தொறக்கல்ல. நான் போகணும்னு அவரு நெனைக்கிறாரா, இல்லையா? அத அவரு வாயால கேக்கணும். சின்னவனுக்கு நாலு வயசுதாங்க ஆகுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சுற்றுலா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'குடும்பக் கருத்துப் பரிமாற்றம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்து, எங்கே போவது என்று தீர்மானிக்கும் மாபெரும் கூட்டம். தலைமை நோபர்ட். ரயில்வே ஸ்டேசனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். சங்கத்துக்கு வேண்டிய மேசையும் நாற்காலியும் அவரிடம் இருந்ததால் போட்டியின்றித் தலைவரானார்.

"நுவரெலியா போவமே" என்றார் ஒருவர்.

"அங்க என்ன இருக்கு?"

"தேயிலை."

அந்த யோசனையைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை.

"அப்ப கண்டி?"

"கண்டி ஆசுபத்திரிக்குப் போற ஊருங்க. அங்க போயி எப்புடி சந்தோசமா இருக்கிறது?"

ஆகவே கொழும்பு. கடல் உண்டு, ஓடும் படிக்கட்டு உண்டு, விடிய விடிய வெளிச்சம் உண்டு. 'கேளிக்கை நகரில் தேனிலவு' என்று தலைப்பிட்டேன். மாடசாமி எழுந்து ஆட்சேபித்தார்.

"மூணு நாலு புள்ள பெத்தாச்சு. இனி என்னங்க தேனிலவு?"

நோபர்ட் அசரவில்லை. "சம்பள உயர்வு பிந்திக் கெடைச்சா அரியர்ஸ்னு வாங்கிக்கிறீங்கல்ல? இது தேனிலவு அரியர்ஸ்" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். ஆனால் யுத்த காலத்தில் கொழும்பு போகிற தமிழனின் காதலுக்குக் கடிதம் வேண்டும். தோட்டத்துத் துரையிடம் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று, பொலிஸ் நிலையத்தில் ஒன்று. கிராம சேவகர் என்னை மூன்று நாள் நடக்க விட்டு, கடைசியில் ஆழமான ஒரு கேள்வி கேட்டார்: "புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் செய்ய முடியாத எதைக் கொழும்பில் போய்ச் செய்யப் போகிறார்கள்?" லயத்துப் பக்கமே வராதவர்தான் அப்படிக் கேட்க முடியும். நான் பணிவாகச் சிரித்து வைத்தேன்.

மூன்று ஜோடிகள் பதிவு செய்திருந்தார்கள். மாடசாமியின் மனைவி அடையாள அட்டையில் அழகம்மா, கலியாணப் பதிவில் அழகாயி. வேறொரு பெண்ணோடு அவரைக் கொழும்புக்கு அனுப்புவது சங்கத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று அந்த ஜோடியை நீக்கினோம். இன்னொரு ஜோடியில் கணவர் மட்டும் வருவதாகச் சொன்னார். அது விதிகளுக்கு முரண். எஞ்சியது கபிரியேலும் சூசையம்மாவும். அவர்களின் தனிமையை மேற்பார்வை செய்ய நான். என் மனைவி புஷ்பவதி தானும் வரட்டுமா என்று கேட்டாள். "இது தம்பதியர் நிகழ்ச்சி, இதுல நீ எதுக்கு?" என்று விளக்கம் கொடுத்தேன்.

கேளிக்கை நகரம் எங்களை மனமார வரவேற்றது. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கடலோரக் காலிமுகத்திடல் போவதற்குள் மூன்று இடங்களில் சீருடை அணிந்தவர்கள் நிறுத்தி, பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் விசாரித்தார்கள். சொந்தக்காரர் வீட்டில்கூட இவ்வளவு அக்கறை கிடைக்காது. திடலில் ஜோடி ஜோடியாகக் குடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மழையே இல்லியே?" என்றார் சூசையம்மா.

"வெயிலும் இல்ல" என்றார் கபிரியேல்.

பதினொரு வருடத்தில் வேறு யாரும் குறுக்கே வராத அவர்களுடைய முதல் உரையாடல் அது. குறித்துக்கொண்டேன்.

தமிழர் அதிகம் தங்கும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை. கதவும் இருந்தது, உள்ளே தாழ்ப்பாளும் இருந்தது. சூசையம்மா அதை இரண்டு தரம் போட்டும் திறந்தும் பார்த்தார். பக்கத்து அறை எனக்கு. இடையில் வெறும் பலகைத் தடுப்பு என்பதால், விரும்பாவிட்டாலும் காது கேட்டது. விரும்பவும் செய்தேன்.

அரை மணி நேரம் கடந்தது. யாரும் குறுக்கே வராத சண்டையை எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் சூசையம்மாவின் குரல்: "நான் போகணும்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

கட்டில் கிறீச்சிட்டது. கபிரியேல் கவிழ்ந்து படுக்கிறார். கடமை என்னை உந்தியது. பலகையில் தட்டி, "கபிரியேல், பதில் சொல்லுங்க! அறிக்கை எழுதணும்!" என்றேன்.

"இங்கயும் ஒரு நல்லையாண்ணன்" என்றார் சூசையம்மா. விளக்கு அணைந்தது. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வெளிச்சம் வந்த கையோடு மறுபடி தொடங்கினார். "இப்ப சொல்லுங்க. செக்ரட்டரி ஐயா தூங்குறாரு." நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். கபிரியேல் தொண்டையைச் செருமினார். அந்த வினாடியில் எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் தட்டப்பட்டன.

வந்தவர்கள் பொலிஸ் அதிகாரிகள். லொட்ஜில் இருந்த தமிழர்கள் எல்லோரையும் கீழே இறக்கி நிறுத்தினார்கள். பெரிய அதிகாரி மிகவும் மரியாதையானவர். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: கொழும்பில் இருப்பதற்குத் 'தகுந்த காரணம்' என்ன? காரணம் உள்ளவர்கள் இடது பக்கம், லொட்ஜிலேயே இருக்கலாம். இல்லாதவர்கள் வலது பக்கம், வெளியே பஸ் நிற்கிறது. என் சிங்களம் நன்றாக இருந்ததால் மொழிபெயர்ப்புப் பொறுப்பை நானே ஏற்றேன்.

ஒரு பையன் கட்டார் விசாவைக் காட்டினான். இடது பக்கம். ஒரு பெண் கனடாவிலிருந்து வந்த காகிதத்தைக் காட்டினார். இடது பக்கம். ஒரு முதியவர் கண் வைத்தியத்துக்கு வந்தவர். கண் காட்டுவது தகுந்த காரணம் ஆகாது. வலது பக்கம்.

எனக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. "சூசையம்மா, அந்த குவைத் ஏஜென்சிக் கடுதாசி கையில இருக்குல்ல? எடுத்து நீட்டு. பொழைச்சோம்" என்று கிசுகிசுத்தேன்.

சூசையம்மா பையிலிருந்து கடுதாசியை எடுத்தார். அதிகாரியிடம் நீட்டவில்லை. கபிரியேலிடம் கொடுத்தார்.

"நீங்களே குடுங்க" என்றார்.

அந்தக் கூடத்தில் மாமியார் ஜோசப்பின் இல்லை. நல்லையா இல்லை. நானும் ஆயுளில் முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. அதிகாரி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். கபிரியேல் கடுதாசியைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவ எங்கயும் போகல்ல சேர். நாங்க சண்டை போட வந்தோம்."

அந்த அதிகாரிக்குத் தமிழில் மூன்றே சொற்கள்தான் தெரியும். 'வா' ஒன்று, 'போ' ஒன்று. மூன்றாவது 'சண்டை'. நாலு துப்பாக்கிகள் கபிரியேலின் பக்கம் திரும்பின.

"யாரோடு சண்டை?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"பொஞ்சாதியோட சேர்."

"ஆயுதம் ஏதாவது?"

கபிரியேல் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. அவளுக்கு வாய் இருக்கு."

அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். சொந்தப் பெண்டாட்டியோடு சண்டை போட வீடு போதாதா என்று கேட்டார் பெரிய அதிகாரி. நான் மொழிபெயர்ப்பதற்குள் சூசையம்மா சிங்களத்திலேயே சொன்னார்: "போதாது மாத்தியா. எங்க வீட்டுல சண்டைக்கு இடமில்ல." அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வலது பக்கம் என்றார். அடுத்து நான். 'மேற்பார்வை' என்றேன். அதுவும் வலது பக்கம்தான்.

சங்கம் கனவிலும் நினைக்காத வசதிகள் அதன் பிறகுதான் தொடங்கின. ரிக்கட்டுக்குக் காசு கேட்காத பஸ். முன்னே ஒரு ஜீப், பின்னே ஒரு ஜீப். எங்களை எங்கள் ஊருக்கே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். வவுனியா என்றார்கள். வடக்கே, யுத்தம் நடக்கிற பக்கம்.

"எங்க ஊர் உக்குவளை, மாத்தளைப் பக்கம்" என்றேன் கூட வந்த பொலிஸ்காரரிடம்.

"தமிழ்தானே?" என்றார். "அப்ப வவுனியா."

குருநாகல் கடந்து, கலேவெல வந்தது. எங்கள் மாவட்டம்! அந்தோனியார் கோயில் இருக்கும் வஹகோட்டைக்குத் திரும்பும் பாதை யன்னலில் தெரிந்தது. சூசையம்மா அந்தத் திக்குக்குச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். காணாமற் போனதைத் தேடித் தருபவர் அந்தோனியார். அன்று அவர் கோயில் பக்கமாக ஒரு பஸ் நிறைய ஆட்கள் காணாமற் போய்க்கொண்டிருந்தோம். நான் எழுந்து, இதுதான் எங்கள் மாவட்டம், இறக்கி விடுங்கள் என்று மன்றாடினேன்.

"இங்க இறங்கக் காரணம்?"

"வீடு இருக்குங்க."

அது போதாது என்றார். உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பின் ஆசனத்தில் அது தொடங்கியது.

"அப்ப நான் போகலியா?"

"போகல்ல."

"அத ஏங்க மூணு மாசமா சொல்லல்ல?"

"நீ கேட்டப்பல்லாம் அம்மா சொல்லிருச்சே."

"ஒங்கம்மா வாயும் ஒங்க வாயும் ஒண்ணா?"

"நீ மட்டும் என்ன, பாஸ்போட்டுக்கு போட்டோ புடிக்க பவுடர் பூசிக்கிட்டுத்தானே போன!"

"நீங்க தடுப்பீங்கன்னு பாத்தேன்! தடுத்தியா நீ?"

'நீங்க' 'நீ' ஆனது தம்புள்ளையில். அங்கிருந்து சண்டை வேகம் பிடித்தது. கலியாணத்துக்குக் கொண்டுவந்த அண்டாவை யார் விற்றது, பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டபோது யார் தூங்கினது, பதினொரு வருடத்துப் பாக்கி அத்தனையும் வந்தது. பஸ்ஸில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் கவலையில் இருந்தார்கள். பொலிஸ்காரர் ஒருதரம் அதட்ட எழுந்தார். சூசையம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கலியாணம் கட்டியவராக இருக்க வேண்டும்.

மதவாச்சி தாண்டியதும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சூசையம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கபிரியேல் சட்டைப் பையிலிருந்த கடுதாசியை எடுத்து, சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பவதியை வர வேண்டாம் என்று சொன்னது நெஞ்சில் குத்தியது.

சில நாட்களில் எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்றார்கள். மாமியார் ஜோசப்பின் கொதித்தார், ஆனாலும் சூசையம்மா குவைத்துக்குப் போகவில்லை. நோபர்ட் தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கை கேட்டார். நோக்கம் நிறைவேறியதா என்ற கேள்விக்கு 'முழுமையாக' என்று எழுதினேன். ஒத்துழைத்த சகல அதிகாரிகளுக்கும் நன்றி தெரிவித்தேன்.

பரிந்துரைகள் என்ற பகுதியில் ஒன்றே ஒன்றுதான் எழுதினேன். அன்று காலை இடது பக்கம் நின்றவர்கள் எல்லோரும் இந்த நாட்டை விட்டுப் போகிறவர்கள். வலது பக்கம் நின்ற கபிரியேலும் சூசையம்மாவும், எங்கேயும் போகாமல் இங்கேயே சேர்ந்து இருக்கிறோம் என்று சொன்னவர்கள். ஆகவே இனிச் சுற்றுலாவுக்கு விண்ணப்பிக்கும் தம்பதியர், நாட்டை விட்டுப் போவதற்கான கடிதத்தைத் தவறாமல் இணைக்க வேண்டும். போகிறேன் என்று சொல்கிற தமிழன் இந்த நாட்டில் இருக்கலாம். இருக்கிறேன் என்று சொன்னால்தான் பஸ் வருகிறது.